சாயம் எதைப் பிடிக்கும்?

பழைய ராணுவப் பை கைக்கு வந்தால் முதலில் மூடியைத் தூக்கி அதன் உட்புறத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்கள் முதுகில் மாட்டிய 1937 மாதிரிச் சிறுபையாக இருந்தால், அங்கே கறுப்பு மையில் முத்திரை குத்தியிருப்பார்கள்: தைத்த நிறுவனத்தின் பெயர், ஆண்டு, பக்கத்தில் மூன்று கோடுகளால் ஆன சிறிய அம்புக்குறி. அம்பு, அரசாங்கச் சொத்து என்பதன் அடையாளம். ஆங்கில 'சி' எழுத்துக்குள் அம்பு நின்றால் பை கனடாவில் தைத்தது. இதே மாதிரியை இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தைத்தார்கள். பர்மா போர்முனைக்குப் போன இந்திய வீரர்களும் இதைத்தான் சுமந்தார்கள்.

முத்திரை படிக்கும்படி இருந்து, துணியும் திடமாக இருந்தால் அந்தப் பைக்குச் சாயம் போடக் கூடாது. இது என் தீர்மானமான கருத்து. ஆண்டையும் ஆலையின் பெயரையும் தாங்கிய துணி ஓர் ஆவணம். தூசி தட்டி உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும். முத்திரை அழிந்து, வெயிலில் வெளுத்து, துருக்கறையும் பூஞ்சைப் புள்ளிகளுமாக மலிவு விலையில் கிடைக்கும் பைகளைப் பற்றியது இந்த அத்தியாயம். அவற்றை மறுபடி தோளில் மாட்டிப் புழங்கலாம். ஆனால் சாயத் தொட்டியில் இறக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். சாயம் எதைப் பிடிக்கப் போகிறது? பருத்தியையா, பருத்தியின் மேல் எண்பது ஆண்டுகளாகப் படிந்தவற்றையா? பழைய பைகளில் சாயம் திட்டுத்திட்டாக ஏறுவதற்குப் பெரும்பாலும் சாயம் காரணம் அல்ல. இந்தக் கேள்வியைக் கேட்காமல் வேலையைத் தொடங்கியதுதான் காரணம்.

அதற்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை. கையில் இருப்பது நச்சுவாயு முகமூடி வைத்திருந்த பை என்றால், உதறவோ தூரிகையால் தேய்க்கவோ வேண்டாம். அக்கால முகமூடிகள் பலவற்றின் வடிகட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்த இழைகள் பையின் மூலைகளில் தங்கியிருக்கலாம். நுரையீரலுக்குள் போனால் அவை வெளியே வருவதில்லை. அப்படிப்பட்ட பையைப் புழக்கத்துக்குக் கொண்டுவர நினைப்பதே தவறு.

இனி துணிக்கு வருவோம்.

பருத்தி இழை, காய்க்குள் இருக்கும்போது உருண்டையான நுண்குழாய். காய் வெடித்துக் காய்ந்ததும் உள்ளிருக்கும் ஈரம் வற்றி, குழாய் தட்டையாகித் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். நுண்ணோக்கியில் முறுக்கிய ரிப்பன் போலத் தெரியும். அந்த ரிப்பனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்: குளுக்கோஸ் அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலி. நல்ல பருத்தியில் ஒரு சங்கிலிக்குச் சுமார் 10,000 அலகுகள். ஒவ்வோர் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் கூறுகள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த மூன்று கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீர் ஒட்டுவது அந்தக் கொக்கிகளில்தான். சாயம் பிடிப்பதும் அங்கேதான். பருத்தியின் வலிமை சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் வரும் பகைகள் எல்லாம், பூஞ்சை, துரு, அமிலம், வெயில் எதுவானாலும், கடைசியில் செய்வது ஒன்றே. சங்கிலியை நடுவில் வெட்டுகின்றன.

ராணுவக் கித்தான் எளிய நெசவு. பாவு நூல் மேலும் கீழுமாகப் போக, ஊடை குறுக்கே போகிறது. கடினமான வகைகளில் இரண்டு பாவு நூல்களைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுவார்கள். சிறப்பு என்னவென்றால் நெருக்கம். நனைந்தால் பருத்தி இழை நீளவாக்கில் அவ்வளவாக மாறுவதில்லை, பருமனில் நன்றாக ஊதுகிறது. ஊதிய நூலைச் சுற்றிவர எதிர்த்திசை நூலுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படும். அது கிடைக்காததால் துணி சுருங்குகிறது. நனைத்த பை சற்றுச் சிறுப்பது இதனால்தான். அதே ஊதல் நூல்களுக்கு இடையிலுள்ள துளைகளை அடைக்கவும் செய்கிறது. இந்த ஒரு குணத்தை மட்டும் நம்பி, மெழுகோ ரப்பரோ பூசாமல் நீர் புகாத துணியை மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வுக்கழகம் போர்க்காலத்தில் உருவாக்கியது. வென்டைல் என்று பெயர். ஆர்க்டிக் கடலில் விழுந்த விமானிகள் உறைந்து சாகாமல் இருக்க அதில் உடை தைத்தார்கள். இன்னொரு நற்குணம்: நனைந்த பருத்தி உலர்ந்ததைவிட வலுவானது. பழைய கம்பளியை நனைக்கத் தயங்க வேண்டும்; திடமான பருத்திக் கித்தானை அந்த அளவு அஞ்சாமல் நனைக்கலாம்.

அடுத்து, துணியின் மேல் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்ற கேள்வி.

காக்கியை ராணுவத்துக்குக் கொண்டுவந்தவர் ஹாரி லம்ஸ்டன். 1840களின் பிற்பகுதியில் பெஷாவரில் அவர் திரட்டிய 'கைட்ஸ்' படை, மண்ணோடு மண்ணாகத் தெரியும் நிறத்தில் உடுத்தியது. அப்போது கிடைத்த தாவரச் சாயங்கள் நிற்கவில்லை; சலவைக்குச் சலவை நிறம் மாறியது, ஒரே அணியில் நிற்பவர்கள் ஆளுக்கொரு நிறமாகத் தெரிந்தார்கள். தீர்வு லங்காஷயரிலிருந்து வந்தது. அக்ரிங்டனில் சாயத்தொழில் நடத்திய ஃபிரெடெரிக் ஆல்பர்ட் காட்டி 1884இல் காப்புரிமை பெற்ற முறையில், மரத்திலிருந்தோ தாரிலிருந்தோ எடுத்த சாயமே கிடையாது. துணியை இரும்பு உப்பும் குரோமிய உப்பும் கலந்த கரைசலில் தோய்த்து, உலர்த்தி, காரக் கரைசலில் விடுகிறார்கள். இழைக்குள்ளேயே இரும்பு ஆக்சைடும் குரோமிய ஆக்சைடும் திடப்பொருளாகப் படிகின்றன. முதலாவது செம்பழுப்பு, இரண்டாவது பச்சை. இரண்டும் சேர்ந்தால் காக்கி. விகிதத்தை மாற்றினால் மணல் நிறத்திலிருந்து ஆலிவ் வரை போகலாம்.

இந்தக் கனிமக் காக்கியில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. சோப்பும் குளோரினும் அதை அசைக்க முடியாது. அதைவிட முக்கியம், அந்த ஆக்சைடுகள் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தாங்களே உறிஞ்சிக்கொண்டு செல்லுலோஸைக் காப்பாற்றுகின்றன. கூடாரத் துணிகளிலும் பைகளிலும் நெடுங்காலம் இந்த முறை நீடித்ததற்கு அதுவே காரணம். ஆனால் எல்லாக் காக்கியும் கனிமக் காக்கி அல்ல. 1901இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனத்தில் ரெனே போன் கண்டறிந்த இண்டான்த்ரோனிலிருந்து செயற்கை வாட் சாயங்களின் புதிய வரிசை ஒன்று தொடங்கியது. அவையும் ராணுவத் துணிகளுக்குள் வந்தன. கையில் இருப்பது எது என்று தெரிய எளிய சோதனை உண்டு. தையலுக்குள் மடிந்து கிடக்கும் ஓரத்தில் ஆக்சாலிக் அமிலக் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். காக்கி வெளிறினால் அது இரும்பு. அசையாமல் நின்றால் வாட் சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காக்கிக்கு மேல் அடுத்த அடுக்கு பிளாங்கோ. ஷெஃபீல்டின் பிக்கரிங் நிறுவனம் கட்டிகளாக விற்றது. தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் பட்டைகளிலும் பையிலும் பூசுவார்கள். படைப்பிரிவுக்கு ஏற்ப நிறம் மாறும், 'காக்கிப் பச்சை எண் 3' என்று எண் சொல்லி வாங்குவார்கள். நம் ஊரில் தேசிய மாணவர் படையில் இருந்த மூத்தவர்களுக்கு அணிவகுப்புக்கு முந்தைய இரவில் பெல்ட்டுக்கு பிளாங்கோ பூசியது நினைவிருக்கும். இது சாயம் அல்ல, மண்ணும் நிறமியும் சேர்ந்த பூச்சு. பூச்சின் மேல் சாயம் ஊற்றினால் சாயம் மண்ணோடு சேர்ந்து பிறகு உதிரும். வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு மென்தூரிகையால் தேய்த்தால் சேறாகக் கரைந்து வரும்.

மூன்றாவது அடுக்குதான் சாயமிடுபவரை அதிகம் ஏமாற்றுவது: நீர் புகாமல் இருக்கவும் மக்காமல் இருக்கவும் ஏற்றியவை. பாரஃபின் மெழுகு, உலோகச் சோப்புகள், தாமிரச் சேர்மங்கள். இங்கிலாந்தின் வில்ஸ்டன் கித்தான் இதில் தனி வகை. தாமிர ஹைட்ராக்சைடை அம்மோனியாவில் கரைத்தால் ஆழ்ந்த நீல நிறத்தில் ஒரு திரவம் கிடைக்கும். செல்லுலோஸைக் கரைக்கும் அபூர்வமான திரவங்களில் அது ஒன்று. கித்தானை அதற்குள் விரைவாக ஓட்டி எடுத்தால் இழைகளின் மேற்பரப்பு மட்டும் கூழாகி, காய்ந்ததும் தாமிரம் கலந்த தோலாக இறுகிவிடும். பச்சை படர்ந்த அந்தத் துணிக்குள் பூஞ்சை நுழையாது. சாயமும் எளிதில் நுழையாது.

பூஞ்சை ஏன் இத்தனை பெரிய கவலை என்பதற்கு விடை பசிபிக்கில் இருக்கிறது. சாலமன் தீவுக் கூட்டத்தின் பூகன்வில் தீவில் 1943 நவம்பரில் அமெரிக்கப் படை இறங்கியது. மழையும் புழுக்கமும் ஓயாத அந்தக் காடுகளில் கூடாரம், பை, தோள்வார், காலணி நாடா என்று பருத்தியில் செய்ததெல்லாம் மக்கி உதிர்ந்தது. எதிரியின் குண்டைப் போலவே பூஞ்சையும் ராணுவத்தின் கணக்கில் ஏறிய காலம் அது. பொருள் வழங்கும் துறையான குவார்ட்டர்மாஸ்டர் கோர், மக்கிய துணிகளிலிருந்து பூஞ்சைகளைப் பிரித்தெடுத்துச் சேகரிக்கத் தொடங்கியது. பூகன்வில்லில் மக்கிய கித்தான் கூடாரம் ஒன்றிலிருந்து எடுத்த பச்சை நிறப் பூஞ்சைக்கு 'க்யூஎம்6ஏ' என்று எண் கொடுத்தார்கள். மற்ற எதையும்விட அது பருத்தியை வேகமாகத் தின்றது.

எல்வின் ரீஸ் என்ற உயிரியலாளர் அந்தப் பூஞ்சையை விடவில்லை. பூஞ்சைக்கு வாய் கிடையாது; அது நொதிகளை வெளியே கசியவிட்டு, உணவைக் கரைத்து, கரைந்த சர்க்கரையை உறிஞ்சுகிறது. செல்லுலோஸை அறுக்கும் அந்த நொதிகள் செல்லுலேஸ் எனப்படும். 1950இல் ரீஸும் சக ஆய்வாளர்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: இந்த வேலையை ஒரு நொதி தனியாகச் செய்வதில்லை, முதலில் ஒன்று இறுக்கமாக அடுக்கிய சங்கிலிகளைத் தளர்த்துகிறது, அதன் பிறகே மற்றொன்று அறுக்கிறது. விவரங்கள் பின்னால் மாறினாலும், பல நொதிகள் கூட்டாக வேலை செய்கின்றன என்ற அடிப்படை நிலைத்தது. மேரி மாண்டல்ஸுடன் சேர்ந்து மாசசூசெட்ஸின் நாட்டிக் ராணுவ ஆய்வகத்தில் ரீஸ் பல்லாண்டு உழைத்தார். துணியைப் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றத் தொடங்கிய ஆய்வு, செடிக்கழிவைச் சர்க்கரையாக மாற்றும் ஆய்வாகத் திரும்பியது. 1977இல் அந்தப் பூஞ்சைக்கு அவர் பெயரையே சூட்டி டிரைகோடெர்மா ரீசி என்றார்கள். இன்று உலகத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் அதன் வீரிய வகைகள் பூகன்வில் கூடாரத்தின் அந்த ஒரு பூஞ்சையின் வழிவந்தவை. ஜீன்ஸ் துணியைப் பழசாக்கிக் காட்டவும், காகிதத் தொழிலிலும், எரிசாராய ஆலைகளிலும் செல்லுலேஸ் வேலை செய்கிறது.

சலவைத் தூளிலும் அது வந்துவிட்டது. பருத்தித் துணியின் மேல் எழும் பிசிறுகளை அறுத்து நிறத்தைப் பளிச்சென்று காட்டுவதற்காகச் சேர்க்கிறார்கள். புதுத் துணிக்கு அதனால் பெரிய பாதகம் இல்லை. எண்பது வயதுத் துணியில், ஏற்கெனவே குட்டையாகிப் போன சங்கிலிகளின் மேல் அதே நொதியை மறுபடி ஏவிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பொட்டலத்தில் 'நொதி' என்று இருந்தால் தவிர்த்துவிடுங்கள்; சாதாரணத் திரவச் சோப்பு போதும். பையில் பூஞ்சை வாசனை இருந்தால் முதலில் வெயிலில் நன்றாக உலர்த்தி, வெளியிடத்தில் தூரிகையால் தட்டிய பிறகே நனைக்க வேண்டும். கறுப்புப் புள்ளிகள் பூஞ்சையின் நிறமி; அவை முழுதாகப் போகாது, அடர்ந்த சாயத்துக்குள் மறையும். துணியை இரு விரல்களால் இழுத்துப் பாருங்கள். 'சர்' என்று கிழிந்தால் அங்கே சங்கிலிகள் வெட்டுண்டுவிட்டன. எந்தச் சாயமும் அதை மீட்காது. பின்பக்கம் பருத்தித் துண்டு வைத்துத் தைப்பதுதான் வழி. கோணி ஊசியும் பருத்தி நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் நூல் பலமானது என்பதாலேயே வேண்டாம்: இழுபடும்போது நூல் அறாமல் துணியை அறுத்துவிடும். அதோடு பருத்திச் சாயத்தை அது ஏற்காது, ஒவ்வொரு தையலும் வெளுப்பாக நிற்கும்.

துருக்கறை கொக்கிகளைச் சுற்றியும், உள்ளே ஆணியோ தகரமோ கிடந்த இடத்திலும் இருக்கும். துரு வெறும் கறை அல்ல. இரும்பு அயனி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு செல்லுலோஸை ஆக்சிகரணம் செய்யத் தூண்டும் வினையூக்கி. கறை இருக்கும் இடத்தில் துணி மற்ற இடங்களைவிட விரைவில் நைந்து போகும். எனவே அகற்றியாக வேண்டும். ஆக்சாலிக் அமிலம் இரும்பைப் பற்றிக் கரையும் சேர்மமாக்கி வெளியேற்றும். ஆனால் மேலே சொன்ன சோதனையை நினைவில் கொள்ளுங்கள். கனிமக் காக்கியும் இரும்புதான். துருவை எடுக்கப் போன அமிலம் பக்கத்திலுள்ள காக்கியையும் எடுத்து, கறை இருந்த இடத்தில் வெளிர்வட்டம் வைத்துவிடும். கனிமக் காக்கிப் பையில் துருவுக்கு மட்டும் பஞ்சால் தொட்டு வையுங்கள், பிறகு தாராளமாக அலசுங்கள். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. கையுறை கட்டாயம், சமையல் பாத்திரம் கூடவே கூடாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கலாம் என்ற யோசனையும் வரும். இரும்பு இருக்கும் துணியில் அது ஆபத்து. இரும்பைத் தொட்டதும் பெராக்சைடு வெறிகொண்டு சிதைகிறது. அதில் பிறக்கும் கூறுகள் அந்தப் புள்ளியில் செல்லுலோஸை அறுத்துக் குண்டூசி அளவுத் துளைகளை உண்டாக்கும். ஆலைகளில் துணி வெளுப்பவர்கள் இரும்புத்துகளுக்கு அஞ்சுவது இதனால்தான்.

பித்தளைக் கொக்கிகளைப் பற்றி ஒரே செய்தி: அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தால் துலக்காதீர்கள். இதன் பின்னால் இந்தியாவில் நடந்த ஒரு கதை இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே குதிரை லாயங்களில் தோட்டாக்களைச் சேமித்து வைத்தது. மழைக்காலம் வந்ததும் பித்தளை உறைகள் விரிசல் விட்டன. யாரும் தொடவில்லை, சுடவில்லை. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரக் காற்றும் சேர்ந்து, அடித்து வடித்ததில் உலோகத்துக்குள் தங்கியிருந்த இறுக்கத்தைப் பிளவாக மாற்றியிருந்தன. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் 1921இல் இதை விளக்கி எழுதினார்கள். உலோகவியல் பாடங்களில் இன்றும் வரும் உதாரணம் அது. பையின் பட்டை நுனியிலும் கொக்கியிலும் அதே போல அழுத்தி மடித்த பித்தளைதான் இருக்கிறது. எலுமிச்சையும் உப்பும் மென்மையாகத் தேய்த்து உடனே அலசினால் பச்சைக் களிம்பு போய்விடும்.

இனி சலவை. பையின் வெளிப்பக்கம், மூடிக்குக் கீழே, அடிப்பாகம் என மூன்று இடங்களில் நீர்த்துளி விட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் உடனே இழுத்துக்கொண்டு இன்னோர் இடத்தில் முத்தாக நின்றால், சாயமும் அப்படித்தான் செய்யும். முத்து நிற்கும் வரை சலவை முடியவில்லை. சலவை சோடாவும் சோப்பும் கலந்த நீரை மெழுகு உருகும் சூட்டுக்கு மேல், அதாவது 70 டிகிரிக்குக் கொண்டுபோய்ப் பையை அரைமணி நேரம் அமிழ்த்துங்கள். மெழுகு எண்ணெய்ப் படலமாக மேலே மிதக்கும். அந்த நீரைச் சூடாகவே கொட்ட வேண்டும். ஆறவிட்டால் மெழுகு மறுபடி துணியிலேயே படிந்துவிடும். துளி எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் உள்ளே போகும் வரை இதையே செய்யுங்கள். எனக்குத் தெரிந்தவரை, முழு வேலையிலும் பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். நிறம் ஏற்றும் வேலை இதைவிடச் சுலபம்.

சாயத்துக்கு வருவோம். வீட்டில் சாயம் போடுகிறவர்கள் பலர் தொட்டியில் வினிகர் ஊற்றுகிறார்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் அது சரி. அவை புரதம், அமிலத்தில் அவற்றின் அமைன் கூறுகள் நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றமுள்ள சாயத்தை இழுக்கும். பருத்தியில் அமைன் இல்லை. வினிகர் எதையும் இழுத்துத் தராது. அலசாமல் தங்கினால் சங்கிலியை அரிக்கவும் செய்யும்.

பருத்தியை நேரடியாகப் பிடித்த முதல் செயற்கைச் சாயம் காங்கோ சிவப்பு, 1884இல் பால் பாட்டிகர் கண்டது. நீண்டு தட்டையான மூலக்கூறு. செல்லுலோஸ் சங்கிலியின் மேல் நெடுக்காகப் படுத்து, பலவீனமான ஈர்ப்புகளால் ஒட்டிக்கொள்ளும். சந்தையில் விற்கும் பொட்டலச் சாயங்கள் பலவற்றில் இன்றும் இந்த வகையும் கம்பளிக்கான அமிலச் சாயமும் கலந்திருக்கின்றன. எளிது, ஆனால் மழையில் நனைந்தால் நிறம் இறங்கும். தோளில் மாட்டும் பைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மான்செஸ்டருக்கு அருகே ஐசிஐ நிறுவனத்தில் இயன் ராட்டீயும் வில்லியம் ஸ்டீஃபனும் 1954இல் கண்ட வழி முற்றிலும் வேறு. ஒட்டவைப்பதற்குப் பதிலாக, சாயத்தைச் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பால் கட்டிவிட்டார்கள். 1956இல் புரோசியான் என்ற பெயரில் சந்தைக்கு வந்த இந்த ரியாக்டிவ் சாயங்களில்தான் இன்று திருப்பூரின் பனியன் துணிகள் நிறம் பெறுகின்றன. சாய மூலக்கூறின் ஒரு முனையில் மூன்று நைட்ரஜன் கொண்ட வளையம். அதில் இரண்டு குளோரின் அணுக்கள். நீரில் சோடாவைக் கலந்ததும் காரத்தன்மை ஏறி, செல்லுலோஸின் ஹைட்ராக்சில் கொக்கிகளில் சில தம் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னேற்றம் பெறும். அந்த ஆக்சிஜன் வளையத்தைத் தாக்கிக் குளோரினை வெளியே தள்ளித் தான் அங்கே அமர்ந்துகொள்ளும். இனி சாயம் துணியின் மேல் இல்லை, துணியின் ஒரு பகுதி.

சிக்கல் ஒன்று உண்டு. கொக்கியைப் போலவே நீரும் அந்த வளையத்தைத் தாக்கும். நீரோடு கூடிய சாயம் செத்த சாயம். இழையோடு கூடாது, ஆனால் நிறத்தோடு துணிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். எனவே சோடாவைச் சேர்ப்பதற்கு முன் சாயத்தை இயன்ற அளவு இழைக்குள் அனுப்பிவிட வேண்டும். அதற்கு உப்பு. நீரில் பருத்தியின் மேற்பரப்பு சற்று எதிர்மின்னேற்றம் கொண்டது, சாயமும் அப்படியே, இரண்டும் விலகும். உப்பின் சோடியம் அயனிகள் நடுவில் நின்று அந்த விலக்கத்தை அடக்குகின்றன.

அளவுகளைச் சொல்கிறேன். உலர்ந்த பை 600 கிராம் என்றால் 12 லிட்டர் நீர். சாயம் துணி எடையில் 3 சதவீதம், அதாவது 18 கிராம். கறுப்புக்கு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தேவைப்படும். உப்பு லிட்டருக்கு 50 கிராம் வீதம் 600 கிராம், அயோடின் சேராத கல்லுப்பு. சோடா சாம்பல் லிட்டருக்கு 10 கிராம் வீதம் 120 கிராம். கடையில் வாங்கியது தூளாக இல்லாமல் கண்ணாடித் துண்டு போன்ற படிகமாக இருந்தால், அதன் எடையில் பாதிக்கு மேல் நீர். இரண்டே முக்கால் மடங்கு எடுக்க வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீர் உதவாது, அதன் கால்சியம் சாயத்தைப் பிடித்துத் திரட்டிவிடும்; மழைநீரோ சுத்திகரித்த நீரோ நல்லது. நனைந்த பையைத்தான் சாயத்தில் இறக்க வேண்டும். குளிர்நீரில் வினைபுரியும் வகைச் சாயத்துக்கு 40 டிகிரிச் சூடு போதும். உப்பை மூன்று பங்காகப் பிரித்து இடைவெளி விட்டுச் சேர்த்து, அரைமணி நேரம் கிளறியபடி இருந்து, அதன் பிறகு வெந்நீரில் கரைத்த சோடாவைச் சேர்த்து மேலும் ஒரு மணி நேரம். கித்தான் தடிமனாக இருப்பதால் கைவிடாமல் திருப்ப வேண்டும். மடிப்புகளையும் தையலுக்கு அடியிலுள்ள இரட்டைத் துணியையும் விரலால் பிரித்துவிட வேண்டும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காக்கியை மறக்காதீர்கள். சாயம் கூட்டவே செய்யும், கழிக்காது. காக்கியின் மேல் நீலம் போட்டால் அடங்கிய பச்சை. சிவப்பு போட்டால் செம்மண் பழுப்பு. பளிச்சிடும் மஞ்சளும் வானநீலமும் பழைய காக்கியில் வரவே வராது. பழுப்பு, ஆழ்ந்த பச்சை, கறுப்பு ஆகிய மூன்றும் கறைகளையும் தம்மோடு இழுத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்தது ஆழ்ந்த பச்சை, ராணுவத்தின் பழைய நிறத்தோடு அது சண்டையிடுவதில்லை.

தொட்டியில் மிச்சமிருக்கும் நீரை எங்கே கொட்டுவது? செத்த சாயமும் போட்ட உப்பு முழுவதும் அதில் இருக்கின்றன. உப்பு வினையில் கரைந்து போவதில்லை. 600 கிராம் போட்டால் 600 கிராமும் வெளியே வரும். ஒரு பைக்கு இது சிறிய அளவு. ஆயிரக்கணக்கான டன் துணிக்கு என்ன ஆகும் என்பதை நொய்யல் ஆறு காட்டியது. திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி விளைநிலங்களையும் கிணறுகளையும் உப்பாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பை மீட்கும் அமைப்புகளோடுதான் தொழில் மறுபடி எழுந்தது. அந்த நிலங்களின் இழப்பை நினைக்கும்போது, வீட்டுச் சாய நீரைச் செடிக்கோ கிணற்றோரத்திலோ கொட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல. பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதில் விடலாம்; இல்லையென்றால் அகலமான தொட்டியில் வெயிலில் வற்றவிட்டு எஞ்சிய உப்பைக் குப்பையில் சேர்ப்பதே நல்லது.

அலசல் இரண்டு கட்டம். முதலில் உப்பும் சோடாவும் போகக் குளிர்ந்த நீரில் பல முறை. உப்பு இருக்கும்வரை செத்த சாயம் இழையை விட்டு வராது, எனவே இதைச் சுருக்கக் கூடாது. பித்தளைக்கும் உப்பு நல்லதல்ல. பிறகு கொதிக்கும் அளவுச் சூட்டில் சிறிது சோப்போடு, நீர் தெளிவாகும் வரை. நிழலில், மூடி திறந்து, உள்ளே கந்தல் துணி அடைத்து வடிவம் கெடாமல் உலர்த்துங்கள். உலர்ந்ததும் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். நிறம் வந்தால் இன்னொரு வெந்நீர் அலசல் பாக்கி இருக்கிறது.

நீர் புகாமல் இருக்க மெழுகு ஏற்ற விரும்பினால் பாரஃபினும் தேன்மெழுகும் சம அளவில் உருக்கி, கட்டியாக்கி, துணியில் தேய்த்து, முடி உலர்த்தும் கருவியின் சூட்டில் உள்ளே இறக்கலாம். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் நம் வெயிலில் கசியாது. அதற்கு அவசரப்படாதீர்கள். பையைச் சில வாரம் மெழுகில்லாமல் புழங்குங்கள். தோள்பட்டை உரசும் இடத்திலும் மூடியின் மடிப்பிலும் நிறம் எப்படித் தேய்கிறது, எந்தத் தையல் தளர்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொரு முறை சாயம் போடத் தோன்றினால் அப்போதே போடலாம். மெழுகு ஏறிய பிறகு என்றால், 70 டிகிரி சோடா நீரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.